நாற்பது வீடு பொது ஆகுமா?

ஆறுமுகம் அத்தானின் குரல் தொலைபேசியில் எப்போதும் பெரிதாகத்தான் வரும். எதிர்முனையில் இருப்பவனுக்குக் காது கேட்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு பேசுகிறவர். போன மாதம் ஒரு காலையில், முகத்தில் சோப்பு நுரை பூசிச் சவரத்துக்கு நின்றபோது வந்த அழைப்பில் அந்தக் குரல் தணிந்திருந்தது. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. "சிதம்பரம், உங்க அக்கா போயிட்டாப்பா," என்றார்.  பிறகு அவரே சொன்னார்: "நேத்து சாயங்காலம்கூட டிவியிலே பட்ஜெட் பத்திப் பேசுனவன்கிட்ட சண்டை போட்டுட்டிருந்தா. அவனுக்குக் கேக்காதுடீன்னேன். கேக்காட்டா என்ன, தப்பு தப்புத்தானேன்னா." நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தும்விட்டேன். நுரை அப்பிய அந்த மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கிற பலருக்கும் கோமதி அக்காவைத் தெரியும். திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்த தமிழர்களில் அவரிடம் வாக்குவாதத்தில் மாட்டாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே சாலை என்ற கடைத்தெருவில் வற்றல் மொத்த வியாபாரம் செய்தவரின் மகள். பஞ்சாயத்துகளின் செலவைத் தணிக்கை செய்கிற அலுவலகத்தில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். பதினோரு வருஷம் எங்கள் மேசைகள் எதிரெதிரே கிடந்தன. மலையாளி சகாக்களுக்கு அவர் "கோமதிச் சேச்சி". எனக்கு மட்டும் அக்கா, அதனால் அவர் கணவர் எனக்கு அத்தான். நல்ல பெயர் எடுத்து ஓய்வு பெற்றவர் என்று சம்பிரதாயமாக எழுதினால் அவர் எழுந்து வந்து என்னை ஒரு பிடி பிடிப்பார். பாதிப் பேர் அவரைப் புகழ்ந்தார்கள், பாதிப் பேர் அவர் வருகிறார் என்றால் வேறு வழியாக நடந்தார்கள் என்பதே சரி.

நான் அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். கிராமத்து வாசகசாலை ஒன்றுக்குப் பஞ்சாயத்து தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தது. அரசியல் சாசனம் பொதுக் காரியத்துக்குத்தான் மானியம் தரச் சொல்கிறது, நாடகத் தொடர் பார்ப்பது என்ன பொதுக் காரியம் என்று நான் ஆட்சேபணை எழுதினேன். எழுதியதைச் சாப்பாட்டு வேளையில் பெருமையாக உரக்கப் படித்தும் காட்டினேன். அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் நின்று வாதாட ஆரம்பித்தார். நானும் விடவில்லை. குரல் ஏறியது. திடீரென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரம் பாதி ஆச்சு. இப்ப கட்சி மாறணும். நீ டிவிக் கட்சி, நான் ஆட்சேபணைக் கட்சி."

"என்ன அக்கா இது, அநியாயமா இருக்கே!"

"அநியாயம் ஒண்ணுமில்ல. இந்த மேசையிலே இதுதான் வழக்கம். ஒரு பக்கமே நின்னு எழுதினா அது ஆட்சேபணை இல்ல கேட்டியா, கோள் சொல்றது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் நம்பாத ஒன்றுக்காக நான் எப்படிப் பேசுவது? ஆனாலும் சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போகக்கூடாதே என்று வாயைத் திறந்தேன். செய்தி கேட்கவும் தேர்தல் முடிவு பார்க்கவும் ஊரே அந்த ஒரு பெட்டியின் முன்னால்தான் கூடுகிறது என்று ஆரம்பித்தவன் பத்து நிமிஷத்தில் வேகம் பிடித்துவிட்டேன். கடைசியில் தோற்றது அக்கா. தோற்றவர், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்க வேண்டும் என்பது மேசையின் இரண்டாவது வழக்கம். சூடான பழம்பொரியைக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா வாதாடினே. போய் உன் ஆட்சேபணையைக் கிழிச்சுப் போடு," என்றார். கிழித்துப் போட்டேன். வயிற்றெரிச்சலோடுதான்.

அதற்குப் பிறகு இது தினசரிக் கூத்தானது. ஓணத்துக்கு ஊர்வலம் விட யானை வாடகைக்கு எடுத்தது ஒரு பஞ்சாயத்து. யானை பொதுவா, தனியா? முதல் பாதியில் அக்கா யானையின் கட்சி. "ஆனையை ஒருத்தன் பாத்தா இன்னொருத்தனுக்குக் குறைஞ்சு போயிருமா? ஏழையும் பாக்கான், பணக்காரனும் பாக்கான். இதைவிடப் பொதுவா ஒண்ணைக் காட்டு பாப்போம்!"  கட்சி மாறியதும் அவரே எதிர்ப்பக்கம் வந்து, "எல்லாம் சரி. ஊருக்குக் கிணறு இடிஞ்சு கிடக்கு. கண்ணுக்கு விருந்து, தொண்டைக்குப் பட்டினியா? அது போக, ஆனைகிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களா?" என்று போட்டாரே ஒரு போடு! அந்தச் செலவுக்கு ஆட்சேபணை எழுதினோம். ஆனால் யானையிடம் சம்மதம் பெறப்படவில்லை என்ற வரியை மேலதிகாரி அடித்துவிட்டார். அக்காவுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

சும்மா வாய்ச்சவடால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழுப்புத் தாள் அட்டை போட்ட அரசியல் சாசனப் புத்தகம் ஒன்று அவர் மேசையில் எப்போதும் இருக்கும். இருநூற்று எண்பத்திரண்டாம் பிரிவு வரும் பக்கம் எண்ணெய்க் கறையும் விரல் அழுக்குமாகக் கறுத்திருந்தது. பொதுக் காரியம் எதற்கும் மானியம் தரலாம் என்று சொல்கிற பிரிவு அது. பொதுக் காரியம் என்றால் என்ன என்று அங்கே ஒரு சொல் இல்லை. பெரிய நூலகத்துக்குப் போய் அமெரிக்கச் சாசன வரலாற்றையெல்லாம் படித்துவிட்டு வருவார். "அங்கேயும் பொது நலம்னு ஒரு வார்த்தையைப் போட்டுவச்சுட்டு இருநூறு வருஷமா அடிச்சுக்கிடுதான். சாசனத்திலே பேர் சொல்லி எழுதினதுக்கு மட்டும்தான் செலவழிக்கணும்னு ஒருத்தன். நாட்டுக்கு நல்லதுன்னா எதுக்கும் செலவழிக்கலாம்னு இன்னொருத்தன். நமக்கு ஆறுதலா இருக்குல்லா?" என்பார். எழுதியவர்கள் ஏன் அர்த்தம் சொல்லாமல் விட்டார்கள் என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். "நம்மளைச் சும்மா உக்கார விடக்கூடாதுன்னுதான்," என்று சிரித்தார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தபோது அத்தான் என்னைத் தனியாக அழைத்து, "சேப்பங்கிழங்கை வறுக்கணுமா குழம்பு வைக்கணுமான்னு கேட்டாப்பா. வறுக்கணும்னு நான் சொல்லி முடிச்சதும் கட்சி மாறச் சொல்லிட்டா. இப்ப குழம்புதான்," என்று குறைப்பட்டார். குழம்பு பிரமாதமாக இருந்தது. அதை அத்தானும் ஒத்துக்கொண்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. இதை எழுத வேண்டும் என்றுதான் பேனாவையே எடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அரசின் திட்டப் பணத்தில் கணிசமான பங்கு பஞ்சாயத்துகளின் கைக்கே வந்து, என்ன செய்யலாம் என்று ஊர்க்கூட்டமே முடிவெடுக்க ஆரம்பித்திருந்த காலம். போனக்காட்டுப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்தவர்கள் மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறி வந்தவர்களின் பிள்ளைகள். லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகள் நாற்பது. குடிதண்ணீருக்கு ஓடைக்கு இறங்கி ஏற வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் இருந்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கொழுந்து பறிக்கிற செல்லத்தாய் நின்று ஜெயித்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், குழாய். மலைச் சுனையிலிருந்து தோட்டத்தின் எல்லை வரை முதல் கட்டமாகக் குழாய் போட்டு ஒரு பைப்பும் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து லயம் ரொம்பத் தூரம், ஓடைதான் பக்கம். எல்லையைத் தாண்டி லயம் வரை போவது இரண்டாவது கட்டம். அந்தக் கோப்பு தணிக்கைக்காக என் மேசைக்கு வந்தது.

நான் ஆட்சேபணை எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அது பலமான ஆட்சேபணைதான். நிலம் கம்பெனியுடையது. தொழிலாளிக்குக் குடிதண்ணீர் தர வேண்டியது சட்டப்படி கம்பெனியின் கடமை. கம்பெனி செய்ய வேண்டியதைச் சர்க்கார் பணத்தில் செய்தால் நலம் கம்பெனிக்குத்தான், பொதுவுக்கு என்ன நலம்? அது போக, நாற்பது வீடு எப்படிப் பொது ஆகும்? அது நேராகக் கையெழுத்தாகிப் போயிருந்தால் இரண்டாவது கட்டம் அன்றோடு நின்றிருக்கும். குழாய் எல்லையிலேயே நிற்கும், பெண்கள் ஓடைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அக்கா படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே. நேர்ல பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. நாற்பது வீடு பொது ஆகுமா என்று நேரில் பார்க்க வருகிறோம் என, முறைப்படி தேதி குறிப்பிட்டுப் பஞ்சாயத்துக்குக் கடிதம் போட்டோம். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது.

ஆபீஸ் ஜீப்பை ஓட்டியவர் சுகுமாரன். எங்கள் சண்டைகளைக் கேட்டுக் கேட்டே பாதி வக்கீல் ஆகிவிட்ட மனிதர். மலை ஏறித் தோட்டத்து எல்லையில் ஜீப் நின்றதும், "ஐயோ சாரே, இது உத்சவமாணோ!" என்றார். அவர் சொன்னது சரி, திருவிழாக் கூட்டம்தான். குழாயடியில் தொடங்கிய வரிசை வளைவு திரும்பியும் முடியவில்லை. பட்டுச்சேலைகள். பூ வைத்த பெண்கள். விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுக் குடங்கள். வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவர். நாற்பது வீட்டில் இத்தனை ஜனம் எங்கே இருந்து வந்தது? நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வரிசையோடு நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க எந்த வீடு?" என்று ஓர் அம்மாவைக் கேட்டார். அவர் அம்பாசமுத்திரத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தவர். அடுத்தவர் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் கட்டட வேலை செய்கிறவர், மச்சான் கூப்பிட்டான் என்று லீவு போட்டு வந்திருக்கிறார். அதற்கடுத்து நாலு பேர் பக்கத்து மலைச் சர்ச்சின் பாட்டுக் குழு. வரிசையின் நடுவில் கைலி கட்டிய ஒருவர், குடத்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய மொபெட். அதில் கட்டிய பெட்டியிலிருந்து கருவாட்டு வாசம்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"விழிஞ்ஞம், மேடம்."

"விழிஞ்ஞம் கடற்கரையிலேருந்து தண்ணி பிடிக்கவா மலை ஏறி வந்தீங்க?"

"ஞான் கருவாடு விக்க வந்நதா. இந்த வார்டு மெம்பர் அக்கா குடத்தைக் கையிலே தந்து நிக்கச் சொல்லி. நான் நிக்கிறேன்." பிறகு, கேட்காமலே சேர்த்துச் சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு தடவை வரும். வண்டி ஏறி வந்தா முதல்ல இங்கேதான் தண்ணி குடிக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்காவுக்கு அடக்க முடியவில்லை. அங்கேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. தணிக்கை அதிகாரியை ஏமாற்ற வாடகைக் கூட்டமா! "யார் இதுக்குப் பொறுப்பு?" என்று கத்தினேன். செல்லத்தாய் முன்னால் வந்தார். குட்டையான மனுஷி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான்தான் சாரே. நாப்பது வீடுன்னா பொது ஆகாது, ஆளு கூடுதலா காட்டணும்னு பஞ்சாயத்துக் கிளார்க்கு சொன்னாரு. அதான் கூட்டினேன். எல்லாருக்கும் நான்தான் கஞ்சி வச்சேன். தப்புன்னா என்னைச் சொல்லுங்க. குழாயை நிறுத்தாதீங்க."

 அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடைக்குப் போற வழியைக் காட்டும்மா," என்றார். நாங்கள் இறங்கினோம். பாதி வழியில் நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். வெறுங்கையோடு போன எனக்கே அந்தக் கதி. 

திரும்பும் வழியில் ஜீப்பில் நான் பொரிந்து தள்ளினேன். பொய்க் கூட்டம், தனியார் நிலம், கம்பெனியின் கடமை. அக்கா பேருக்கு ஏதோ எதிர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். அடிவாரத்து முக்கில் டீக்கடை வந்ததும் சுகுமாரனிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பாதி வழி ஆச்சு. மாறு."

"அக்கா, இது விளையாட்டு இல்ல."

"விளையாட்டா இருந்தா மாறாட்டாலும் பரவாயில்ல. விளையாட்டு இல்லேங்கறதாலதான் சொல்லுதேன். மாறு."

டீயும் கையுமாக அந்த ஜீப்பில் நடந்த வாதத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நான் குழாயின் கட்சி. அக்கா ஆட்சேபணைக் கட்சி. அடேயப்பா, என்னமாய் அடித்தார்! என் ஆட்சேபணையை என்னைவிடப் பத்து மடங்கு பலமாகச் சொன்னார்.

"கம்பெனி சட்டப்படி தர வேண்டிய தண்ணியை நீ தந்தா, நாளைக்கு அவன் ஆஸ்பத்திரியையும் நீயே நடத்துன்னு சொல்லுவான். அவனுக்கு நீ மாமனா மச்சானா?"

"தர வேண்டியவன் தரலே. தாகம் சட்டம் படிச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்குமா? அவன் கடமை அவன் தலையிலேயே இருக்கட்டும். லேபர் ஆபீசுக்குத் தனியா எழுதுவோம். அதுக்காக இவங்க ஓடையிலே விழுந்து எந்திரிக்கணுமா?"

"நிலம் அவனோடது. நாளைக்குக் கேட்டைப் பூட்டினா?"

"குழாய் போற பாதையைப் பஞ்சாயத்துக்கு எழுதி வாங்குவோம். எழுதித் தந்தா செலவு, தரலேன்னா இல்ல."

"சரி. நாப்பது குடும்பம். நாப்பதே நாப்பது. அது எப்படிப்பா பொது?"

இங்கேதான் நான் முட்டி நின்றேன். சுகுமாரன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தக் கைலிக்காரர் குடத்தைக் கட்டிப்பிடித்து நின்றது நினைவுக்கு வந்தது.

"கருவாட்டுக்காரர் இருக்காரே," என்றேன்.

"அவரைப் பிடிச்சுல்லா நிறுத்தினாங்க! பொய்ச் சாட்சி!"

"வரிசைதான் பொய். அவர் குடிக்கிறது பொய்யில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை குடிக்கார். நீ யாரு, எந்த வீடுன்னு ஒருத்தரும் கேக்கல. எத்தனை பேர் குடிக்காங்கன்னு பாத்து என்னக்கா பிரயோஜனம்? யாரையாவது குடிக்காதேன்னு சொல்லுதாங்களான்னு பாரு. சொல்லலேன்னா அது பொது. குழாயை வீட்டுக்குள்ள வைக்க வேண்டாம். லயத்து நடைபாதையிலே வைப்போம். யாரு வேணா வந்து குடிக்கட்டும்."

சொல்லி முடித்ததும்தான் கவனித்தேன், கையில் டீ ஆறிப்போயிருந்தது. நான் கட்சிக்காகப் பேசவில்லை. எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சுகுமாரன் ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, "சாரு ஜெயிச்சு!" என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா மேலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தார். பிறகு ஜீப்பை விட்டு இறங்கிப் போய் மூன்று பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆட்சேபணையை எடுத்துவிட்டுக் குறிப்பு எழுதினேன். மேலிடம் சும்மா விடுமா? நான்கு கேள்விகளோடு கோப்பு திரும்பி வந்தது. படித்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடமை யாருடையது, நிலம் யாருடையது, கேட்டைப் பூட்டினால் என்ன, நாற்பது எப்படிப் பொது என்று அக்கா ஜீப்பில் கேட்டவைதான், கொஞ்சம் மரியாதையான மொழியில். அவை ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. செல்லத்தாய் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, பாதையைப் பஞ்சாயத்துக்கு விடுகிற கடிதத்தை வாங்கிவிட்டார். இந்தத் தடவை உண்மையான கூட்டம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் லயத்து நடைபாதையில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அவர் எங்கள் இரண்டு பேருக்கும் தேயிலைப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அக்கா, "இது பொது நலம் இல்ல, தனி நலம்," என்று துண்டுச்சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினார். என் பொட்டலத்தையும் சேர்த்துத்தான். நல்ல தேயிலை, வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

எனக்கு மனத்துக்குள் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அக்கா வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தாரோ? குழாய் வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு என்னை ஆட்டி வைத்தாரோ? இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, போன வருஷம் சாலைக் கடைத்தெருப் பக்கம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"போப்பா! தோத்துக் குடுக்க நான் என்ன உன் பெண்டாட்டியா? ஜெயிக்கத்தான் பாத்தேன். உயிரைக் குடுத்துப் பாத்தேன்."

"நீ ஜெயிச்சிருந்தா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். 

"ஆட்சேபணை எழுதியிருப்பேன். அழுதுக்கிட்டே எழுதியிருப்பேன். நம்ம மனசு இளகுதுன்னு ஊர்ப் பணத்தை எடுத்துக் குடுக்க நமக்கு என்னப்பா அதிகாரம்? அந்த செல்லத்தாய்க்கு நல்ல காலம், நீ கெட்டிக்காரனா இருந்தே."

அவர் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். சொன்ன கையோடு, "அதுக்காக ரொம்ப ஆடாதே," என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு மெல்லிய இடத்திலா அந்தத் தண்ணீர் நின்றது! ஜீப்பில் நான் முட்டி நின்ற அந்த நிமிஷத்தில் எனக்குப் பதில் வராமல் போயிருந்தால்? அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் அன்று ஒரு மடங்கு கூடியது. கொஞ்சம் பயமும் வந்தது.

காரியத்தன்று வீட்டில் நல்ல கூட்டம். அழுகையைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யானைக் கதையை மட்டும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், மூன்றிலும் யானை ஜெயித்தது. சுகுமாரன் சமையல்காரரோடு பாயசத்துக்கு வெல்லமா சர்க்கரையா என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார். மத்தியானப் பந்தி நடக்கும்போது வாசலில் ஒரு குட்டையான அம்மா வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. பிறகு ஓடிப்போய்ச் செல்லத்தாயை உள்ளே அழைத்துவந்தேன். பத்திரிகையில் படம் பார்த்து, முதல் பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். கூடவே ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர். அக்காவின் படத்தின் முன்னால் அதை வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பெனி பூட்டி வருஷம் ஆச்சு சாரே. ஆஸ்பத்திரி பூட்டியாச்சு. பிள்ளைகளைப் பாத்துக்கிற கொட்டகை விழுந்துபோச்சு. சம்பளம் கிடையாது. கம்பெனி போட்ட லைட்டும் நின்னுபோச்சு." கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்தவர் கடைசி விரலை மடக்கவில்லை. "நம்ம குழாய் மட்டும் வருது. அது பஞ்சாயத்தோடதுல்லா, அதை யாரு வந்து பூட்ட? அது இருக்கறதாலதான் நாங்க இன்னும் அங்க இருக்கோம்."

அத்தான் அந்தக் குப்பியைத் திறந்து எனக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

முப்பது வருஷம் தணிக்கையில் இருந்தேன். நான் எழுதி அனுப்பிய ஆட்சேபணைகளை அடுக்கினால் இந்த அறை நிறையும். அவற்றில் ஒன்றின் வாசகம்கூட இன்று எனக்கு நினைவில்லை. கோமதி அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, எழுதியும் அனுப்பாமல் விட்ட அந்த ஒன்றைத்தான். அது தண்ணீராக மலைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் போய்க் குடிக்கலாம்.